நெல் மூட்டை ஏன் ரோட்டில் கிடக்கிறது?

அக்டோபர் பிறந்தால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கமிருந்து ஒரே படம் வருடம் தவறாமல் வருகிறது. கொள்முதல் நிலைய வாசலில் நெல் அம்பாரம், மேலே படுதா. படுதாவின் ஓரத்தில் முளைவிட்ட நெல்லை இரண்டு கையாலும் அள்ளிக் காட்டுகிறார் ஒருவர். கீழே "ஈரப்பதத்தை 17-இலிருந்து 22 சதவீதமாகத் தளர்த்தக் கோரிக்கை" என்று ஒரு வரி. நகரத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்குச் சில கேள்விகள் எழும். மழைக்காலம் என்று தெரிந்தும் நெல்லை ஏன் அங்கே கொட்டி வைத்தார்கள்? வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதா? அரசு வாங்க வேண்டியதுதானே? அது என்ன 17, 22?

நியாயமான கேள்விகள்தான். பதில் மட்டும் மழையோடு முடிவதில்லை.

அந்த வாசல் யாருடையது என்று முதலில் பார்த்துவிடலாம். பெயர்ப்பலகையில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்றிருக்கும், ஊரில் டி.பி.சி. என்பார்கள். நடத்துவது 1972-இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். பல ஊர்களில் சொந்தக் கட்டடம் உண்டு. கட்டடம் இல்லாத ஊரில் சமுதாயக் கூடமோ, கோயில் திடலோ, சாலையோரமோ தற்காலிக நிலையமாகிவிடும். ஒரு பட்டியல் எழுத்தர், ஒரு உதவியாளர், ஒரு காவலர், சுமைதூக்கும் தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், நெல் தூற்றும் இயந்திரம், மின்னணுத் தராசு, ஈரம் பார்க்கும் சின்னக் கருவி, சாக்குக் கட்டு. ஒரு நிலையத்தின் முழுச் சொத்தும் பெரும்பாலும் இவ்வளவுதான்.

கழகம் தன் பெயரில் வாங்கினாலும், வாங்குவது மத்திய அரசின் உணவுத் தொகுப்புக்காக. ஒரு காலத்தில் இந்திய உணவுக் கழகம் நேரடியாக வாங்கிக்கொண்டிருந்தது. 1965 ஜனவரியில் அது தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. 2002-இல் தமிழ்நாடு பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறைக்கு மாறியது. மாநிலமே வாங்கி, அரைத்து, ரேஷனில் கொடுக்கும். செலவை மத்திய அரசு உணவு மானியமாகத் திருப்பித் தரும். பணம் அங்கிருந்து வருவதால் நெல் எப்படி இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கிருந்தே வருகிறது. முதலமைச்சரே ஆனாலும் ஈரப்பதத்தை ஒரு சதவீதம் தளர்த்த டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

விலையிலும் இரண்டு கை உண்டு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில அரசு தன் கையிலிருந்து ஊக்கத்தொகையாக 131 ரூபாயும் 156 ரூபாயும் சேர்த்தது. ஆக 2,500, 2,545. சன்னமா பொதுவா என்பதைத் தீர்மானிப்பது ருசி அல்ல, அளவு: நெல்மணியின் நீளம் அகலத்தைப் போல இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் சன்னம். நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பார்கள். அப்படியானால் பொது ரகத்தில் ஒரு மூட்டை சரியாக 1,000 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் போட உதவும்.

நாடு முழுவதற்கும் கொள்முதல் ஆண்டு அக்டோபர் 1-இல்தான் தொடங்கும். பஞ்சாபுக்கு அது பொருத்தம். காவிரி டெல்டாவில் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து நட்ட குறுவை நெல் செப்டம்பரிலேயே அறுவடைக்கு வந்துவிடும். முன்பெல்லாம் செப்டம்பரில் அறுத்தவர் பழைய விலைக்கு விற்பார், அல்லது புது விலைக்காக அக்டோபர் வரை காத்திருப்பார், காத்திருந்தால் மழை. 2022 முதல் தமிழ்நாட்டுக்குச் செப்டம்பர் 1-இலேயே தொடங்க அனுமதி கிடைத்து வருகிறது. சத்தமில்லாமல் நடந்த நல்ல காரியம்.

இனி அந்த 17.

நெல்லை வாங்க மத்திய அரசு வைத்திருக்கும் தர அளவுகளில் பலதும் உண்டு. மண், கல் 1 சதவீதத்துக்குள். பதர், சண்டு போன்றவை 1 சதவீதத்துக்குள். சுருங்கியது, முற்றாதது 3 சதவீதத்துக்குள். கெட்டது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டடித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதத்துக்குள். பதர், சண்டு இரண்டையும் தூற்றும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மீதியைப் பற்றிச் சண்டை வருவது குறைவு. வாசலில் நெல்லை மறிப்பது ஈரப்பதம்தான். அதன் எல்லை 17 சதவீதம்.

பலர் நினைப்பதுபோல் அது யாரோ ஓர் அதிகாரி மனம்போன போக்கில் எழுதிய எண் அல்ல. ஈர நெல் மூட்டைக்குள்ளும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும்; சூடு கிளம்பும்; பூஞ்சை பிடிக்கும்; அரிசி மஞ்சளாகும். அரைத்தால் நொய் அதிகமாகும். அதோடு எடைக் கணக்கு ஒன்று இருக்கிறது. 22 சதவீத ஈரமுள்ள நெல் 100 கிலோ என்றால் அதில் 22 கிலோ தண்ணீர், 78 கிலோ சத்து. அதே நெல் 17 சதவீதத்துக்குக் காயும்போது மொத்த எடை 94 கிலோவாக இறங்கிவிடும். 6 கிலோ காற்றோடு போயிற்று. 40 கிலோ மூட்டைக்கு இது 2.4 கிலோ, ரூபாயில் 60. வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால், 22-ஐ முழு விலைக்கு ஏற்பது மூட்டைக்கு 60 ரூபாய்த் தண்ணீரை விலை கொடுத்து வாங்குவது. 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி தர வேண்டும் என்பது அரவைக்கான கணக்கு. தண்ணீர் அரிசியாகாது.

சரி, விவசாயி காய வைத்துக் கொடுக்கலாமே? இங்கேதான் விஷயம் ஆழமாகிறது.

அரிவாளால் அறுத்த காலத்தில் கதிர் அரி அரியாக வயலில் கிடந்து காயும். பிறகு கட்டாகக் களத்துக்கு வந்து, அடித்து, தூற்றி, மறுபடி வெயில் காணும். நெல் மூட்டைக்குள் போவதற்குள் பல நாள் கடந்திருக்கும். ஈரம் தானாக இறங்கியிருக்கும். இன்று அறுப்பது இயந்திரம். ஈரச் சேற்றில் இறங்கும் பெல்ட் மிஷின் ஏறத்தாழ மணிக்கு ஓர் ஏக்கரை முடித்து, நெல்லை நேராக டிராக்டர் டிப்பரில் கொட்டிவிடுகிறது. காலையில் பயிராக நின்றது மாலையில் நெல்லாகக் குவிந்திருக்கும். ஈரம் 20-க்கு மேல் இருப்பது சாதாரணம். இதில் பழைய காலத்தை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. அறுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றி வரும் மிஷின் இன்று உங்கள் வயல் பக்கம் வந்தால் இன்றே அறுத்தாக வேண்டும். நாளை அது அடுத்த ஊரில் இருக்கும். பச்சை மாறாமல் நிற்கிறது, நான்கு நாள் விட்டு அறுக்கலாம் என்பதெல்லாம் மிஷினின் பயணத் திட்டத்துக்கு முன்னால் எடுபடாது.

அறுப்பு வேகமாகிவிட்டது. காய வைக்கும் இடம் பெருகவில்லை. ஊர்க் களங்கள் பலவும் பழையன, சிறியன. அதனால்தான் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு எரிச்சல், நெல்லுக்கும் ஆபத்து. ஆனால் அந்தத் தார்ச்சாலை அளவுக்குச் சூடான, சமமான, சுத்தமான தரை அவருக்கு வேறெங்கும் இல்லை.

அடுத்து நிலையத்தின் கொள்ளளவைப் பாருங்கள். ஒரு நிலையம் நாளொன்றுக்கு வாங்குவது 800 முதல் 1,000 மூட்டை. குறுவையில் ஏக்கருக்கு 50 முதல் 60 மூட்டை (40 கிலோ கணக்கில்) காணும் என்று வைத்தால், ஒரு நாள் கொள்முதல் 20 ஏக்கருக்குள் அடங்கிவிடும். இரண்டு மிஷின் ஒரு பகல் நன்றாக ஓடினால் நிலையத்தின் அன்றைய வேலை தீர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் 600 ஏக்கர் குறுவை, அறுக்க ஐந்தாறு மிஷின் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் அறுவடை முடிந்துவிடும். வாங்கி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மழையே பெய்யாத வருடத்திலும் இந்த இடைவெளி இருக்கும். வாசலில் அம்பாரம் இருக்கும். வெயில் அடிக்கிற வரை யாரும் அதைப் படம் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்குவது வழக்கம். 2025-இல் அக்டோபர் 16-இல் தொடங்கியது. அந்த ஆண்டு குறுவை டெல்டாவில் ஆறு லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. நீரும் நன்றாக வந்தது, விளைச்சலும் நன்றாக வந்தது. செய்தியில் "அமோக விளைச்சல்", "நெல் மூட்டைகள் தேக்கம்" என்ற இரண்டு தலைப்பும் ஒரே வாரத்தில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். முதலாவது இரண்டாவதின் காரணம். குறுவை ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் சம்பா ரகங்கள் பலவும் முற்றியபின் சில வாரம் முளைக்காமல் உறங்கும். குறுவை நெல் நனைந்து இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பாகக் கிடந்தாலே வெள்ளையாக முளை நீட்டிவிடும். படுதா போட்டு மூடினால் மேல் மழை தடைபடும். உள்ளே புழுக்கம் கூடும். மூடினாலும் முளைக்கும், மூடாவிட்டாலும் முளைக்கும்.

வாங்கிய நெல்லும் உடனே போய்விடுவதில்லை. ஊர்ப் பேச்சில் இதற்கு "மூவ்மென்ட்" என்று பெயர். நிலையத்தில் நுழைந்ததும் காதில் விழும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "மூவ்மென்ட் இல்லீங்க" என்பதுதான். வாங்கிய மூட்டை லாரியில் ஏறித் திறந்தவெளிச் சேமிப்புக் கிடங்குக்கோ, ரயில் நிலையத்துக்கோ போக வேண்டும். டெல்டாவில் விளையும் அவ்வளவையும் டெல்டாவிலேயே அரைக்க ஆலை போதாது. தஞ்சாவூர், நீடாமங்கலம் போன்ற நிலையங்களிலிருந்து சரக்கு ரயிலில் வெளி மாவட்ட ஆலைகளுக்குப் போகிறது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டவர்கள், முன்னால் நின்ற சரக்கு ரயிலில் என்ன இருந்தது என்பதை இப்போது ஊகிக்கலாம். இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி அடைத்தாலும் அடைப்பு பின்னோக்கி வந்து நிலைய வாசலில் தெரியும். லாரி வரவில்லை என்றால் வாங்கிய மூட்டை கொட்டகையை அடைத்துக்கொள்ளும். கொட்டகை நிறைந்தால் வாங்க இடமில்லை. வாங்கவில்லை என்றால் அம்பாரம் சாலைக்கு வரும். 2025-இல் அரவையிலேயே ஒரு முடிச்சு விழுந்தது. ரேஷன் அரிசியில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ செறிவூட்டப்பட்ட அரிசி கலக்க வேண்டியிருந்தது. அந்தக் கலவைக்கு மத்திய அரசின் ஒப்புதல் தாமதமானதால் அரவை நின்றது, அதனால் நகர்வும் நின்றது என்று மாநில அரசு சொன்னது. ஏற்பாட்டில் கோட்டை விட்டது மாநில அரசுதான் என்று எதிர்க்கட்சிகள் சொன்னன. அரிசியில் ஊட்டச்சத்து சேர்க்கும் ஒரு விதி வயலோரத்து நெல்லை முளைக்க வைக்கும் என்று அதை எழுதியவர் நினைத்திருக்க மாட்டார்.

கொள்முதல் நிலையச் செய்திகளில் வரும் இன்னொரு எண் 40 ரூபாய். மூட்டைக்கு 40 ரூபாய் கேட்கிறார்கள் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். தொகை ஊருக்கு ஊர் கூடும், குறையும். மேலே போட்ட கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 2025-26-இல் மாநில அரசு தந்த ஊக்கத்தொகை குவிண்டாலுக்கு 131 ரூபாய் என்றால், மூட்டைக்கு 52 ரூபாய் 40 காசு. வாசலில் 40 ரூபாய் போனால், கோட்டையில் அறிவித்ததில் கையில் நிற்பது 12 ரூபாய் சொச்சம்.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட்டால் பாதிதான் புரியும். நிலைய ஊழியர்களில் பலர் பருவகாலப் பணியாளர்கள், சம்பளம் குறைவு. வாங்கிய நெல் கிடங்குக்குப் போய்ச் சேரும்போது எடை குறைந்தால் அதை ஈடுகட்டும் பொறுப்பு தங்கள் தலையில் விழுகிறது என்பது ஊழியர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லும் குறை. ஈரத்தோடு வாங்கி, லாரி வராமல் மூன்று வாரம் கிடந்தால் எடை குறையாமல் என்ன செய்யும்? ஏற்றுகூலி, லாரிக்காரர் எதிர்பார்ப்பு என்று வேறு வாய்களும் உண்டு. அந்த இழப்பையெல்லாம் முன்கூட்டியே வசூலிக்கும் இடம் விவசாயியின் மூட்டையாகிவிடுகிறது. சரியென்று சொல்லவில்லை. லாரி நேரத்துக்கு வந்தால் இந்த 40-இல் ஒரு பகுதிக்கான சாக்கு போய்விடும் என்கிறேன். மீதிக்கு வேறு மருந்து தேவை.

நிலையத்தில் விற்கக் காகிதமும் வேண்டும். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், இணையத்தில் முன்பதிவு. விளைச்சலுக்கு மேல் மூட்டை வராமல் தடுக்கவும், வெளியூர் வியாபாரி மலிவாக வாங்கிய நெல்லைக் கொண்டுவந்து ஆதரவு விலைக்குத் தள்ளிவிடாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் டெல்டாவில் பயிர் வைப்பவரும் பட்டாதாரரும் ஒரே ஆளாக இருப்பதில்லை. கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையில் குடியேறிவிட்டவர்களின் நிலம் என்று குத்தகையில் ஓடும் சாகுபடி நிறைய. அதில் வாய்ப்பேச்சில் நடப்பதும் நிறைய. எழுத்தில்லாத குத்தகைதாரர் அடங்கலுக்கு அலைகிறார். கிடைக்காவிட்டால் வியாபாரியிடமே விற்கிறார். வியாபாரி வயலுக்கே வருவார், ஈரம் பார்த்துக் கழிப்பார், காகிதம் கேட்க மாட்டார், பணத்தைக் கையில் கொடுப்பார். விலை மட்டும் குறைவு. மழை வலுத்தால் இன்னும் குறைவு. வியாபாரியைத் தடுக்கப் போட்ட வேலி, எழுத்தில்லாத உழவரை அவரிடமே அனுப்பிவைக்கிறது.

கொள்முதல் சூடு பிடிக்கும் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஊரின் நடமாட்டம் நிலையத்தைச் சுற்றித்தான். பக்கத்து டீக்கடை இரவு வெகுநேரம் திறந்திருக்கும். அம்பாரத்துக்குக் காவலாக அண்ணன் ஒரு இரவு, தம்பி ஒரு இரவு என்று முறை வைத்துக்கொள்வார்கள். வெயில் தலைகாட்டியதும் படுதாவைச் சுருட்டிவிட்டு, காலால் கோடு கிழித்து நெல்லைப் புரட்டுவார்கள்; மேகம் கறுத்தால் வரிசையில் இருக்கும் எல்லாரும் எல்லார் நெல்லையும் சேர்த்துக் கூட்டுவார்கள். வரிசை யாருடையது என்ற தகராறும் அதே ஆட்களுக்குள் அதே நாளில் நடக்கும். மாதாமாதம் ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இந்த மாதங்களின் பேச்சு பெரும்பாலும் சாக்கு, லாரி, ஈரப்பதம்தான். முளைத்த நெல்லைப் பையில் கொண்டுவந்து மேசைமேல் வைப்பதும் உண்டு. பேசிப் பயனில்லை என்றால் சாலை மறியல். மறியல் நடந்த மறுநாள் இரண்டு லாரி வந்துவிடும் என்பது ஊர் அறிந்த வைத்தியம்.

ஈரப்பதத் தளர்வுக்கு வருவோம். மாநில அரசு கடிதம் எழுதும்; டெல்லியிலிருந்து குழு வரும்; நிலையம் நிலையமாக மாதிரி எடுக்கும்; ஆய்வகத்துக்கு அனுப்பும்; அறிக்கை போகும்; பிறகு உத்தரவு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை அனுமதித்தார்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிய மழை சம்பாவை நனைத்தபோது 20 வரை. 2025-இல் 22 கேட்டார்கள், குழு வந்து பார்த்துப் போனது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. தளர்வு கிடைத்த ஆண்டுகளிலும் அது வந்துசேர்வதற்குள் ஈரமான நெல்லில் பெரும்பகுதி காய்ந்திருக்கும், முளைத்திருக்கும், அல்லது வியாபாரியிடம் போயிருக்கும். டெல்டாவில் வருடந்தோறும் நடப்பதை வருடந்தோறும் புதிய விபத்தாகப் பாவித்துக் குழு அனுப்புவது எனக்குப் புரியாத காரியம். குறுவை அறுவடை மழையை ஒட்டி வருவது நாட்காட்டியில் இருக்கிறது. இத்தனை ஈரம் வரை வாங்கலாம், அதற்கு இத்தனை எடை கழிவு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் வாங்குகிறவர் தண்ணீருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்; விற்கிறவரும் மூட்டைக்கு 60 ரூபாயை விட்டுவிட்டு மீதியோடு அன்றே வீட்டுக்குப் போகலாம். நிலையத்துக்கு ஓர் உலர்த்தி வைத்தால் இன்னும் நல்லது.

அன்றே வீட்டுக்குப் போவது ஏன் முக்கியம் என்றால், குறுவைப் பணம்தான் அடுத்த பயிரான தாளடியின் நடவுக்கு முதல். அக்டோபரில் நெல்லோடு ஒருவர் பத்து நாள் வாசலில் கிடந்தால், அங்கே தாளடி நாற்றின் வயது ஏறுகிறது, உழவு நிற்கிறது, கூட்டுறவுக் கடனைக் கட்டிப் புதுப்பிக்கும் நாள் தள்ளிப்போகிறது.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அறுவடைக்குப் பின்னும் 14 நாள் வரை சில இழப்புகளுக்குப் பொறுப்பேற்கிறது. ஆனால் அது அறுத்து வயலில் பரப்பிக் காயப் போட்ட பயிருக்கு. மிஷினில் அறுத்து, நெல்லாக நிலையத்துக்கு வந்துவிட்ட பிறகு அந்த விதி பொருந்தாது. நிலையத்தில் எடை போட்டுப் பட்டியல் எழுதிய நிமிடத்திலிருந்து நெல் கழகத்தின் சொத்து. அது நனைந்தால் அரசுக்கு நட்டம். பட்டியல் எழுதும் வரை விவசாயியின் சொத்து. பத்திரிகைப் படத்தில் படுதாவுக்கு வெளியே முளைத்துக் கிடக்கும் நெல்லில் பெரும்பகுதி இன்னும் பட்டியல் எழுதப்படாதது.